கரிசல் சொற்களுக்கு ஒரு வலைப்பதிவும் அதன் தளவரைபடமும்

வலைப்பதிவு ஒன்றைத் தொடங்குவது எளிது என்பதையும், அதில் எழுதியவை தேடுவோர் கைக்குக் கிடைக்கும்படி செய்வதே பெரும்பாடு என்பதையும், சிற்றூர்களிலிருந்து இணையத் தமிழுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ அனைவரும் பட்டறிவால் உணர்ந்திருக்கிறார்கள். வலைப்பதிவு என்பது புதியது மேலும் பழையது கீழுமாக நாள்வரிசையில் அடுக்கப்படும் எழுத்துகளின் தொகுப்பு; தளவரைபடம் என்பது அத்தொகுப்பில் உள்ள ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் குறித்துவைக்கும் பட்டியல். முன்னதைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. பின்னதோ கணினித் துறையினரின் வேலை என்று ஒதுக்கப்பட்டு, எழுதுவோரின் அக்கறைக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. மேலநீலிதநல்லூரில் 2008-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கப்பட்ட ஒரு வலைப்பதிவின் தொடக்க காலத்தை அதில் பங்குகொண்ட ஒருவர் நினைவிலிருந்து மீட்டு எழுதும் இக்கட்டுரை, ஆகவே, எழுத்தைக் காட்டிலும் பட்டியலின் பக்கமே மிகுதியும் நிற்கிறது.

மேலநீலிதநல்லூர் சங்கரன்கோவில் வட்டத்தைச் சேர்ந்த ஊர். ஊராட்சி ஒன்றியம் ஒன்றின் தலைமையிடம். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி இங்கே அமைந்திருப்பதால் சுற்றுப்பட்டி மாணவர்கள் நாள்தோறும் வந்து போகும் இடமாகவும் இருந்துவருகிறது. கரிசலும் செவலும் மாறிமாறிக் கிடக்கும் இப்பகுதியில் மழையை நம்பிய மானாவாரி வெள்ளாமையே பெரும்பான்மை. பருத்தியும் சோளமும் உளுந்தும் பாசிப்பயறும் வடகிழக்குப் பருவமழையின் போக்கைப் பார்த்து விதைக்கப்படுபவை. கிணற்றிலிருந்து மாடு கட்டி நீர் இறைத்த கமலை மறைந்து மின்மோட்டார் வந்தபோதும், ஏர் மாறி டிராக்டர் வந்தபோதும், அவற்றோடு சேர்ந்து சொற்களும் பேச்சிலிருந்து உதிர்ந்துகொண்டிருந்தன. மேழி, கொழு, நுகத்தடி போன்றவை பாடநூல்களிலாவது எஞ்சியிருக்கின்றன. ஆனால், நிலத்தைக் குறுக்கக் கணக்கில் பேசுவது, வயலுக்குள் நீர் நுழையும் இடத்தை வாமடை என்பது, குளம் நிறைந்து மிகைநீர் வெளியேறுவதை மறுகால் பாய்வது என்பது, தவசத்தை மரக்காலிலும் கோட்டையிலும் அளப்பது ஆகியவை வீட்டுக்குள்ளேயே இளையவர்களுக்குப் புரியாதவையாகிவந்தன. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன், கரிசல் வட்டார வழக்குச் சொற்களைத் திரட்டி 1982-இல் அகராதியாகவே வெளியிட்டுக் காட்டியிருந்தார். அந்த முன்மாதிரி கண்முன் இருந்ததால், இவ்வூரின் ஆசிரியர்கள் சிலரும் மாணவர்கள் சிலரும் தங்கள் பக்கத்துச் சொற்களையும் குளங்களின் பெயர்களையும் ஊர்த் தெய்வக் கதைகளையும் எழுதிச் சேர்க்கத் தொடங்கினர். அச்சுச் செலவு இல்லாத இடம் என்பதால் வலைப்பதிவு தேர்ந்துகொள்ளப்பட்டது.

அந்த ஆண்டுகளில் தமிழில் எழுதுவதற்கான கருவிகள் ஓரளவு கைக்கு வந்துவிட்டிருந்தன. ஆனால் அதற்கு முந்தைய நிலையை நினைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை புலப்படும். தமிழ் இணையத்தின் முதற்கட்டத்தில் ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. அந்த எழுத்துருவை இறக்கி நிறுவினால்தான் பக்கம் தமிழாகத் தெரியும், இல்லாவிட்டால் உரோமன் எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். தமிழ் என்று கண்ணுக்குத் தெரிந்தது கணினிக்குள் உண்மையில் உரோமன் எழுத்துகளாகவே பதிந்திருந்ததால், தேடுபொறியில் ஒரு தமிழ்ச் சொல்லை இட்டுத் தேடுவது என்பதற்கே அப்போது பொருள் இல்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் தமிழ்நாட்டரசு டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளை ஏற்றது. அயலகத் தமிழர்களிடையே டிஸ்கி என்னும் முறை வழங்கியது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் ஒருங்குறி, அதாவது யூனிகோடு, பரவிய பிறகே தமிழ் எழுத்து கணினிக்குள்ளும் தமிழ் எழுத்தாக நின்றது. முகுந்த் உருவாக்கிய எ-கலப்பை, நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் ரைட்டர் ஆகிய செயலிகள் ஒருங்குறியில் தட்டச்சு செய்ய உதவின. பழைய குறியீடுகளில் இருந்தவற்றை ஒருங்குறிக்கு மாற்றச் சுரதாவின் மாற்றி பயன்பட்டது. இவர்கள் அனைவரும் இக்கருவிகளை விலையின்றிக் கொடுத்தவர்கள் என்பதைத் தமிழில் எழுதும் எவரும் மறக்கலாகாது.

சங்கரன்கோவிலில் இருந்த பிரௌசிங் சென்டர்களில் அக்காலத்துக் கணினிகள் பெரும்பாலும் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடின. அதில் தமிழுக்கான லதா எழுத்துரு இருந்தபோதும், சிக்கலான எழுத்து வரிவடிவங்களுக்கான கோப்புகளை நிறுவல் குறுந்தகட்டிலிருந்து ஏற்றி, கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் போய் உட்காரும்; அதுவரை 'கொ' என்பதில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால், ஒரு புள்ளி வட்டத்தைச் சுமந்துகொண்டு நிற்கும். குறுந்தகடு கடைக்காரரின் மேசை இழுப்பறையில் இருந்தால் அன்று பதிவு ஏறும். இல்லையென்றால் கையெழுத்துப் படி பையிலேயே ஊருக்குத் திரும்பும். பின்னாளில் மின்வெட்டு நீண்டபோது, மின்சாரம் இருக்கும் மணி நேரத்தைக் கேட்டறிந்து சங்கரன்கோவிலுக்குப் பேருந்து ஏறுவதும் வழக்கமாயிற்று.

வலைப்பதிவு அமைப்பதற்குத் தேர்ந்துகொள்ளப்பட்டது பிளாகர். பைரா லேப்ஸ் என்னும் சிறு நிறுவனம் 1999-இல் தொடங்கிய அச்சேவையைக் கூகுள் 2003-இல் வாங்கியது. அதே 2003-இல் வேர்ட்பிரஸ் என்னும் கட்டற்ற மென்பொருளும் வெளிவந்தது. பிளாகரில் ஒரு மின்னஞ்சல் கணக்கும் ஒரு பெயரும் ஒரு முகவரியும் இருந்தால் போதும். டெம்ப்ளேட் எனப்படும் பக்க வடிவங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வலைப்பதிவு பிறந்துவிடும். அமைப்புப் பகுதியில் நேர மண்டலம் என்றொரு தெரிவு உண்டு. அது அமெரிக்க மேற்குக்கரை நேரத்தில் நின்றிருப்பதால், அதை இந்திய நேரத்துக்கு மாற்றாதவரை, காலையில் ஏற்றிய பதிவு முந்தைய நாள் தேதியையே தாங்கி நிற்கும். தலைப்பை அடுத்து வரும் விளக்க வரியில் ஊர்ப்பெயரை எப்படி எழுதுவது என்பதிலும் கருத்து வேறுபாடு எழுந்தது. சங்கரன்கோவில் என்றும் சங்கரன்கோயில் என்றும், மேலநீலிதநல்லூர் என்றும் மேலநீலிதனல்லூர் என்றும் மக்கள் எழுதுகிறார்கள். தேடுவோரும் அப்படியே தேடுவார்கள். ஒரு வடிவத்தைத் தலைப்பிலும் மற்றொன்றை விளக்கத்திலும் வைப்பது என்று முடிவு செய்யப்பட்டது. இலக்கணத்துக்கு எது சரி என்பது ஒரு கேள்வி, தேடுகிறவர் எதைத் தட்டுவார் என்பது வேறொரு கேள்வி. பின்னதைத் தாழ்வாகக் கருதியவர்களின் எழுத்து யாருக்கும் கிட்டாமலே கிடந்ததைப் பின்னாளில் பல தளங்களில் காண முடிந்தது.

புதிய வலைப்பதிவுக்கு வாசகர் எங்கிருந்து வருவார்? தமிழ் வலைப்பதிவுலகின் முதல் ஆண்டுகளில் இதற்குக் கிடைத்த விடை மனிதர் கையால் ஆன பட்டியல். கனடாவில் வாழ்ந்த மதி கந்தசாமி தமிழ் வலைப்பதிவுகளைத் தேடித்தேடி ஒரு பட்டியலில் சேர்த்துவந்தார். கோவையைச் சேர்ந்த காசி ஆறுமுகம் 2004-இல் தமிழ்மணம் என்னும் திரட்டியைத் தொடங்கினார். திரட்டி என்பது, பதிவுகளின் தலைப்பும் தொடக்க வரிகளும் அடங்கிய ஓடை எனப்படும் கோப்பைப் பல வலைப்பதிவுகளிலிருந்து இடைவிடாமல் வாங்கி, ஒரே பக்கத்தில் அடுக்கித் தரும் தளம். மேலநீலிதநல்லூரில் எழுதப்பட்ட ஒரு பதிவு, சிங்கப்பூரிலும் டொரண்டோவிலும் சென்னையிலும் எழுதப்பட்டவற்றோடு ஒரே வரிசையில் நிற்க முடிந்தது இதனால்தான். வாமடை பற்றி எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு, தங்கள் ஊரில் அதற்கு வழங்கும் வேறு சொற்களைப் பின்னூட்டத்தில் எழுதிப்போனவர்கள் திரட்டி வழியாக வந்தவர்களே; அந்தப் பின்னூட்டங்கள் சிலவேளை பதிவைவிடச் செறிவாக இருந்தன.

ஆயினும் திரட்டியின் இயல்பே ஓட்டம். முகப்பில் ஏறிய பதிவு சில மணி நேரத்தில் புதியவற்றால் கீழே தள்ளப்பட்டுவிடும். அன்றன்றைய அரசியலையும் திரைப்படத்தையும் எழுதுவோருக்கு இது போதும். ஒரு சொல்லின் பொருளையோ ஒரு குளத்தின் வரலாற்றையோ எழுதுபவருக்குப் போதாது, ஏனெனில் அவருடைய வாசகர் இன்று வருகிறவர் அல்லர், என்றோ ஒருநாள் அச்சொல்லைத் தேடப்போகிறவர். அத்தகைய வாசகருக்கு வழி தேடுபொறி ஒன்றே. இந்த உணர்வு வந்த பிறகே தளவரைபடம் பற்றிய பேச்சு அந்தச் சிறு வட்டத்தில் எழுந்தது.

தேடுபொறி இணையத்தை அறியும் முறையைச் சுருக்கமாகச் சொல்லலாம். கூகுள்பாட் போன்ற தானியங்கு நிரல் ஒன்று, அறிந்த பக்கத்திலிருந்து அதிலுள்ள சுட்டிகளைப் பற்றிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறது. போன இடத்திலுள்ள சொற்களைப் படித்துப் பெரும் சொல்லடைவு ஒன்றில் சேர்த்துவைக்கிறது. தேடுவோருக்கு விடை வருவது இச்சொல்லடைவிலிருந்தே. ஆகவே எங்கிருந்தும் சுட்டி இல்லாத பக்கம் இருந்தும் இல்லாதது போலத்தான். புதிய வலைப்பதிவுக்கு வெளியிலிருந்து சுட்டி கொடுப்பவர் எவருமில்லை. உள்ளேயும் பழைய பதிவுகள் ஆண்டு, மாதம் என்று மடித்துவைத்த தொகுப்புக்குள் அடங்கிவிடுகின்றன. இக்குறையை ஈடுசெய்யவே கூகுள் 2005-இல் தளவரைபட முறையை அறிமுகப்படுத்தியது; 2006 நவம்பரில் யாஹூவும் மைக்ரோசாஃப்ட்டும் அதே முறையை ஏற்றுக்கொண்டதால், ஒரே கோப்பு மூன்று தேடுபொறிகளுக்கும் பொதுவாயிற்று. போட்டி நிறுவனங்கள் ஒரு கோப்பின் வடிவத்தில் உடன்பட்டது சிறிய செய்தியன்று. தளவரைபடத்தைச் சிற்றூர்க்காரரும் ஒருமுறை கற்றால் போதும் என்ற நிலை அதனால்தான் உண்டாயிற்று.

அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் அச்சப்பட ஏதுமில்லை என்பது தெரியும். எக்ஸ்எம்எல் என்னும் குறிமொழியில், தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் நடுவே செய்தி பொதிந்து எழுதப்பட்ட எளிய உரைக்கோப்பு அது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கூறு. அதற்குள் லாக் என்னும் குறிக்குள் பக்கத்தின் முழு முகவரி. லாஸ்ட்மாட் என்னும் குறிக்குள் அது கடைசியாகத் திருத்தப்பட்ட நாள். இவை தவிர, எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை மாறும், எவ்வளவு முதன்மையானது என்பவற்றைச் சொல்லும் இரண்டு குறிகளும் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கின்றன. இப்பின்னிரண்டையும் பொருட்படுத்துவதில்லை என்று கூகுள் பின்னர் வெளிப்படையாகவே அறிவித்துவிட்டதால், அவற்றை நிரப்புவதில் செலவிடும் நேரம் வீண். ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை இடலாம். அதற்கு மேற்பட்டால் பல கோப்புகளாகப் பிரித்து, அவற்றுக்கு மேலே ஒரு தலைமைப் பட்டியலை வைக்க வேண்டும். ஓர் ஊரின் சொற்களை எழுதும் வலைப்பதிவுக்கு அந்த எல்லை எக்காலத்திலும் எட்டாதது.

பிளாகரில் அக்காலத்தில் இப்படியொரு கோப்பைத் தனியே எழுதி ஏற்ற இடம் இல்லை. எனவே ஓடைக் கோப்பையே தளவரைபடமாகக் காட்டும் வழி கையாளப்பட்டது. ஓடை தன் இயல்பில் அண்மையில் எழுதிய ஏறத்தாழ 25 பதிவுகளையே தரும் என்பதால், முகவரியின் முடிவில் எந்த எண்ணிலிருந்து தொடங்கி எத்தனை பதிவுகள் வேண்டும் என்பதைச் சேர்த்து, ஐந்நூறு ஐந்நூறாகக் கேட்கும் வரிகள் வலைப்பதிவர்களிடையே கைமாறிக்கொண்டிருந்தன. அவ்வரியைக் கூகுளின் வெப்மாஸ்டர் டூல்ஸ் பக்கத்தில் இடுவதற்கு முன், தளம் தம்முடையதே என்று மெய்ப்பிக்க, அவர்கள் தரும் ஒரு நீண்ட குறிவரியை டெம்ப்ளேட்டின் தலைப்பகுதியில் ஒட்ட வேண்டியிருந்தது. சென்டரில் ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டி அமர்ந்து, அந்த வரியைக் காகிதத்தில் எழுதிவைத்திருந்த மாணவர் ஒருவர், எழுத்து ஓவும் சுழியமும் மாறிவிடாமல் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல, மற்றொருவர் தட்டச்சு செய்த காட்சி அவ்வட்டத்தினர் பலருக்கும் நினைவிருக்கிறது. 2015-இல் அச்சேவை சர்ச் கன்சோல் என்று பெயர் மாறியது. பிளாகரும் காலப்போக்கில் பதிவுகளுக்கும் தனிப்பக்கங்களுக்கும் தளவரைபடக் கோப்புகளைத் தானே ஆக்கித்தரத் தொடங்கிவிட்டது. வேர்ட்பிரஸ் 2020 ஆகஸ்டில் வெளியான 5.5 பதிப்பிலிருந்து அதைத் தன்னுள்ளேயே சேர்த்துக்கொண்டது. இன்று தொடங்குபவர் செய்ய வேண்டியதெல்லாம், அக்கோப்பின் பெயரை ஒருமுறை சர்ச் கன்சோலில் இட்டு, அது படிக்கப்பட்டதா என்று பார்ப்பது மட்டுமே. எவற்றைத் தேடுபொறி படிக்கலாம், எவற்றைப் படிக்கலாகாது என்று சொல்லும் ரோபாட்ஸ் என்னும் சிறு கோப்பு 1994 முதல் வழக்கில் உள்ளது. அதன் கடைசியில் தளவரைபடத்தின் முகவரியை ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் பிற தேடுபொறிகளும் தாமாகவே கண்டுகொள்ளும்.

தமிழில் எழுதுவோருக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்று இப்பட்டியலை முதன்முறை பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. பிளாகர் பதிவின் தலைப்பிலிருந்தே முகவரியை ஆக்குகிறது. ஆனால் உரோமன் எழுத்துகளை மட்டுமே எடுத்துக்கொள்வதால், முழுவதும் தமிழில் அமைந்த தலைப்பில் அதற்கு எடுக்க எதுவுமில்லை. எனவே மறுகால் பற்றிய பதிவும் கமலை பற்றிய பதிவும் ஊர்த் தெய்வம் பற்றிய பதிவும் ஒன்றுபோலவே 'பிளாக் போஸ்ட்' என்று பெயர் பெற்று, பின்னால் ஓர் எண்ணால் மட்டும் வேறுபட்டு நின்றன. தளவரைபடம் முழுவதும் இப்படி ஒரே பெயரின் அணிவகுப்பாகத் தோன்றியதைக் கண்டபோது, எழுதியவை அனைத்தும் பெயர் இழந்துவிட்டன என்ற வருத்தம் அங்கிருந்தோருக்கு உண்டாயிற்று. 2012-இல் முகவரியை எழுதுபவரே அமைத்துக்கொள்ளும் வசதி வந்த பின், தமிழ்ச் சொல்லை உரோமன் எழுத்தில் எழுதி இடும் வழக்கம் கைக்கொள்ளப்பட்டது.

வேர்ட்பிரஸில் நிலைமை வேறு. அது தமிழ்த் தலைப்பை முகவரியில் அப்படியே ஏற்கிறது. ஆனால் உள்ளுக்குள் அதை விழுக்காட்டுக் குறியீடாக மாற்றி வைக்கிறது. ஒருங்குறியின் யூடிஎஃப்-8 வடிவத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டுகள். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்தெண்களுமாக விரியும். ஆகவே ஒரு குறியீட்டுக்கு ஒன்பது இடங்கள் தேவை. மேலநீலிதநல்லூர் என்னும் பெயரில் எழுத்தும் உயிர்க்குறியும் புள்ளியுமாக 15 குறியீடுகள் இருப்பதால் அது 135 இடங்களை எடுத்துக்கொள்ளும். கண்மாய் என்பதில் 7 குறியீடுகள், 63 இடங்கள். நடுவில் ஓர் இணைப்புக்கோடு. மொத்தம் 199. முகவரியின் இப்பகுதிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 இடங்களே என்பதால், 'மேலநீலிதநல்லூர் கண்மாய் வரலாறு' என்று தலைப்பிட்டால் வரலாறு என்பதில் ஓரெழுத்தும் முகவரியில் ஏறாது. உரோமன் எழுத்தில் ஒரு முழு வாக்கியத்துக்கு இருக்கும் இடம் தமிழில் இரண்டு சொற்களோடு தீர்ந்துவிடுகிறது. கணினிக் குறியீடுகளின் அடித்தளம் எம்மொழியை மனத்தில் கொண்டு இடப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. தமிழ் முகவரியே வேண்டும் என்று விரும்புவோர் தலைப்பு நீண்டாலும் முகவரியை ஒரு சொல்லாக, மிஞ்சினால் இரண்டு சொல்லாகச் சுருக்கிக்கொள்வதே தக்கது.

தளவரைபடத்திடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது என்பதும் மெல்ல மெல்லப் புரிந்தது. பட்டியலில் ஒரு முகவரி இருப்பதாலேயே தேடுபொறி அதைத் தன் சொல்லடைவில் சேர்த்தாக வேண்டும் என்பதில்லை; சேர்த்தாலும் தேடல் விடைகளில் முன்வரிசையில் வைக்கும் என்பதும் இல்லை. சுமார் 500 பக்கங்களுக்கு உட்பட்ட சிறு தளம், உள்ளுக்குள் சுட்டிகளால் நன்கு இணைக்கப்பட்டிருந்தால், தளவரைபடம் இல்லாமலேகூடத் தேடுபொறிக்குத் தெரிந்துவிடும் என்று கூகுளே கூறுகிறது. அப்படியிருந்தும் அதை இடுவதில் ஒரு பயன் உறுதி: எத்தனை பக்கங்கள் கண்டறியப்பட்டன, எத்தனை சேர்க்கப்பட்டன, சேர்க்கப்படாதவை எவை என்ற கணக்கு சர்ச் கன்சோலில் தெரிகிறது. சேர்க்கப்படாத பக்கங்களை எடுத்துப் பார்த்தபோது, அவற்றுட் பல ஓரிரு வரிகளில் முடிந்த குறிப்புகளாக இருப்பது கண்டறியப்பட்டது. அவற்றை ஒன்றுசேர்த்து, சொல் வழங்கும் ஊர், சொன்னவரின் தொழில், எடுத்துக்காட்டு வாக்கியம் ஆகியவற்றைக் கூட்டி எழுதிய பிறகு பதிவுகளே மேம்பட்டன.

திருத்திய நாளைக் குறிக்கும் லாஸ்ட்மாட் குறியின் உண்மையான பயன் 2019-இல் விளங்கிற்று. அவ்வாண்டு நவம்பர் 22-ஆம் நாள் தென்காசி தனி மாவட்டமாக நடைமுறைக்கு வந்ததும், சங்கரன்கோவில் வட்டம் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து அதில் சேர்ந்தது. அதுவரை எழுதிய பதிவுகளிலெல்லாம் மாவட்டப் பெயர் பழையதாகிவிட்டதால், ஒவ்வொன்றையும் திறந்து, எழுதிய காலத்து நிலையை அழிக்காமல், புதிய மாவட்டத்தின் பெயரை அடைப்புக்குள் சேர்க்கும் வேலை நடந்தது. திருத்தப்பட்ட ஒவ்வொரு பதிவின் நாளும் தளவரைபடத்தில் புதுப்பிக்கப்பட, தேடுபொறி அவற்றை மீண்டும் வந்து படித்துப் போனது. தளவரைபடம் மாறியது என்று தேடுபொறியைத் தட்டியெழுப்பிச் சொல்வதற்கு முன்பு ஒரு தனி வழி இருந்தது. பொருளற்ற அழைப்புகள் மிகுந்துவிட்டதால் கூகுள் 2023-இல் அதை மூடிவிட்டு, திருத்திய நாள் நேர்மையாகக் குறிக்கப்படுமானால் அதையே நம்புவதாகக் கூறியது. எழுதாமலே தேதியை மட்டும் மாற்றிவைக்கும் தளங்களின் குறியை அது நம்புவதில்லை என்பதும் நியாயமானதே.

இவ்வளவும் கணினி படிக்கும் பட்டியலைப் பற்றியவை. பதிவுகளின் பெயர்களை வாசகருக்காக அடுக்கித் தரும், மனிதர் படிக்கும் தளவரைபடம் என்று இன்னொன்று உண்டு. இக்கட்டுரையாளரின் கருத்தில் அதுவே முதன்மையானது, ஆனால் அதுவே அரிதாகக் காணப்படுவது. சங்கரன்கோவிலுக்கு வடக்கே உள்ள கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரதுங்கராம பாண்டியர் காலத்து ஏட்டுச்சுவடிகள் இருப்பதைக் கேள்வியுற்று உ. வே. சாமிநாதையர் நாடிச் சென்றபோது, அவை ஆகம முறைப்படி என்று சொல்லித் தீயில் இடப்பட்டுவிட்டதை அறிந்து பதைத்ததை அவரே எழுதியிருக்கிறார். அங்கே எந்தெந்த நூல்கள் இருந்தன என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது. நூல்கள் போனதோடு அவற்றின் பெயர்களும் போயின. ஒரு பெயர்ப்பட்டியல் மட்டும் எங்கேனும் எஞ்சியிருந்தால்கூட, இழந்தது என்ன என்றாவது தெரிந்திருக்கும். இவ்வட்டாரத்தில் எழுத வந்தவர்களுக்கு இது தொலைவான செய்தி அன்று. பட்டியலை எழுத்தின் ஒரு பகுதியாகவே கருதத் தூண்டிய செய்தி இது. அச்சுப் பதிப்புகளில் செய்யுள் முதற்குறிப்பையும் அரும்பதங்களையும் அகரவரிசையில் பின்னிணைப்பாகத் தரும் வழக்கத்தைத் தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நிலைநாட்டியிருந்தும், இணையத்துக்கு வந்த தமிழ் அந்த ஒழுக்கத்தை உடன் கொண்டுவரவில்லை. 2015 அக்டோபரில் புதுக்கோட்டையில் நடந்த வலைப்பதிவர் திருவிழாவில் தமிழ் வலைப்பதிவர்களைப் பட்டியலிடும் கையேடு ஒன்று அச்சில் கொண்டுவரப்பட்டது இத்துறையில் நல்ல முயற்சி. திரட்டிகள் பலவும் ஓய்ந்து, எழுதியோர் பலர் முகநூலுக்குப் போய்விட்ட பின்னர் அத்தகைய அச்சுப் பட்டியலின் மதிப்பு கூடியே இருக்கிறது.

பிளாகரில் லேபிள் எனப்படும் குறிச்சொற்களால் பதிவுகளை வகைப்படுத்தலாம். நீர்நிலை, வெள்ளாமை, அளவை, தெய்வம் என்பன போன்ற சில குறிச்சொற்கள் முதலில் வைக்கப்பட்டன. ஆளுக்கொரு விதமாகக் குறிச்சொல் இட்டதால் குளம் என்றும் குளங்கள் என்றும் கண்மாய் என்றும் ஒரே வகை மூன்றாகப் பிரிந்தது. பின்னர் குறிச்சொற்களுக்கே ஒரு பட்டியல் ஆக்கி, அதற்கு வெளியே எவரும் இடக்கூடாது என்று விதிக்கப்பட்டது. ஓடையிலிருந்து தலைப்புகளைத் தானே எடுத்து அகரவரிசையில் காட்டும் நிரல்துண்டுகள் வலைப்பதிவர்களிடையே வழங்கின. அவற்றுள் ஒன்றை ஒட்டிப் பார்த்தபோது, கணினியின் அகரவரிசை தமிழின் அகரவரிசை அன்று என்பது தெரியவந்தது. ஒருங்குறியில் எழுத்துகளுக்கு எண் கொடுத்த முறையில், நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், லகரத்தை அடுத்து ளகரமும் ழகரமும், அவற்றுக்குப் பின்னரே வகரமும் வருகின்றன. தமிழ் நெடுங்கணக்கிலோ ய ர ல வ ழ ள ற ன என்பதே முறை. மேலும், புள்ளியின் எண் உயிர்க்குறிகள் அனைத்துக்கும் பின்னால் இருப்பதால், அகராதிகளில் 'கணக்கு' என்பதற்கு முன் நிற்க வேண்டிய 'கண்மாய்', எண்முறையில் அடுக்கும்போது அதற்குப் பின்னால் போய்விடுகிறது. தமிழ் முறைப்படி அடுக்குவதற்கான வரையறைகள் இன்று மென்பொருள்களில் உள்ளன எனினும், அந்த நிரல்துண்டு அவற்றை அறிந்ததன்று.

எனவே மேலநீலிதநல்லூர்ப் பட்டியல் தனிப்பக்கம் ஒன்றில் கையால் ஆக்கப்பட்டது. ஒவ்வொரு சொல்லும், அதனருகில் அது கேட்டெழுதப்பட்ட ஊரின் பெயரும், அதன்மேல் பதிவுக்கான சுட்டியுமாக அது அமைந்தது. பதிவு எழுதியவரே பட்டியலிலும் சேர்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரே சொல் இரண்டு ஒலிப்புகளில் வழங்கினால் இரண்டு இடங்களிலும் அது இடம்பெறும். முதன்மை வடிவம் எது என்பதைக் கேட்டெழுதியவரும் பட்டியலைப் பார்த்துக்கொள்பவரும் பேசி முடிவுசெய்த பின்னரே சுட்டி ஏறும். அப்பக்கத்தின் முகவரி முகப்பின் மேற்பட்டையில் வைக்கப்பட்டிருப்பதால், அங்கிருந்து ஒவ்வொரு பதிவுக்கும் ஒரே தாவலில் போய்விட முடிகிறது; கூகுள்பாட்டும் அந்த வழியாகவே வந்துபோகிறது.